இராகு காலத்தில் ஒரு பால்கன் மேளம்

தவறு என்னுடையதல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. பால்கன் நாட்டுப்புற இசையையும் மின்னணு ஓசையையும் கிட்டாரோடு கலந்து இசையமைப்பவன் நான். அதைக் காசு கொடுத்துக் கேட்க ஐரோப்பாவில் ஆள் இருக்கிறது. (சிங்கப்பூரிலும் இருக்கிறது, கொஞ்சம் குறைவு.) ஆனால் சொந்தக்காரர்கள் கூடும் இடத்தில் என்னை அறிமுகப்படுத்தும் விதமே வேறு: "இராகு காலத்தில தாலி கட்ட வச்சான்ல, அவன்தான் இவன்."

எழுபதுகளின் கடைசியில், சிங்கப்பூரில் கப்பல்களுக்கு மளிகை சப்ளை செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். யூகோஸ்லாவியக் கப்பல் ஒன்றின் சமையல்காரர் நான் கொடுத்த மிளகாய்த்தூளில் மகிழ்ந்து ஒரு கேசட்டைப் பரிசளித்தார். அவர்கள் பால்கன் நாட்டுக் கல்யாண இசை. கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. தகிட தகதிமி என்று ஏழு ஏழாக எண்ணி ஓடியது. நம்முடைய மிஸ்ர சாபு தாளமேதான், ஆனால் பின்னால் நாய் துரத்துகிற வேகம்.

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. ஓட்டல் பேண்டில் வாசிக்கும் நண்பனிடம் ஒரு தாள மெஷினை இரவல் வாங்கி, பிடோக் அடுக்குமாடி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, கிட்டாரும் கையுமாக அதனோடு மல்லுக்கட்டினேன். தோள் வரை முடி வேறு வளர்த்திருந்தேன். உலகம் என்னைத் தேடிக்கொண்டு புளோக்குக்குக் கீழே வந்து நிற்கும் என்று உண்மையாகவே நம்பினேன். அப்பாதான் வந்து நின்றார். "வாஷிங் மெஷின் கெட்டுப்போன மாதிரி இருக்கு" என்றார். எங்கள் வீட்டில் வாஷிங் மெஷினே கிடையாது.

அக்காவின் கல்யாணம் நிச்சயமானபோது அப்பா ஒரு நிபந்தனை விதித்தார். "விருந்துல வாசி. சனம் உட்கார்ந்து கேட்டுச்சுன்னா நான் இனி வாயைத் திறக்கல. எழுந்துடுச்சுன்னா, அந்தக் கிட்டார் வீட்டுல இருக்கக் கூடாது." சரி என்றேன். எழுந்திருப்பார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

சிராங்கூன் ரோடு பக்கத்து மண்டபம். ஞாயிறு மாலை. ஆறு மணி வரை இராகு காலம், அதற்குப் பிறகுதான் முகூர்த்தம். சபையைச் சுற்றி ஆசி வாங்கிய தாலித் தட்டு மணமேடைக்குத் திரும்பியிருந்தது. எல்லார் கையிலும் அட்சதை. நேரம் இருக்கிறதே என்று மேளக்காரர்கள் வெளியே காப்பி குடிக்கப் போய்விட்டார்கள். நான் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து, மெஷினை மண்டபத்து ஒலிபெருக்கியில் மாட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் சத்தத்தைக் குறைத்தே வைத்திருந்தேன், சத்தியமாக. ஐயரின் மைக் கேட்கவில்லை என்று யாரோ ஒரு புண்ணியவான் ஒலிபெருக்கிப் பெட்டியிலேயே சத்தத்தை முழுக்கத் திருகி வைத்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

பட்டனைத் தட்டினேன். மண்டபம் அதிர்ந்தது.

மாப்பிள்ளைக்குப் பயந்த சுபாவம். அவருடைய சித்தப்பா காலையிலிருந்து அவர் காதில் ஒரே பாடம் ஓதியிருக்கிறார்: "மேளம் பெருசா கேட்டதும் கட்டிடு. யோசிக்காத." அவர் யோசிக்கவில்லை. தட்டிலிருந்த தாலியை எடுத்துக் கட்டிவிட்டார். மூன்று முடிச்சையும் அவரே போட்டார்.

சரி, அவர் ஒருவர் செய்தார். மற்றவர்கள்? மொத்த மண்டபமும் எழுந்து நின்று அட்சதை போட்டது. முன்வரிசையில் என் அப்பா, இரண்டு கையாலும். வெளியே இருந்த தவில்காரர் தம்மை விட்டுவிட்டுக் கல்யாணம் நடக்கிறதோ என்று பதறி ஓடிவந்து, நின்ற நிலையிலேயே தவிலை அடித்து அந்த ஏழு எண்ணிக்கையில் வந்து சேர்ந்தார். அடடா, அந்தச் சில நொடிகள். என் மெஷினும் அவர் தவிலும் ஒன்றாய்ப் போன அந்தப் போக்கை இன்றுவரை எந்த ஸ்டூடியோவிலும் நான் பிடித்ததில்லை.

பிறகு ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார்.

கட்டின தாலியைக் கழற்ற முடியாது. இராகு காலத்தில் கட்டியதை ஒத்துக்கொள்ளவும் பெரியவர்களுக்கு மனமில்லை. நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு, ஒரு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கோத்து, முகூர்த்தத்தில் இன்னொரு முறை கட்டுவதென்று முடிவாயிற்று. இதற்குள் அப்பா என்னிடம் வந்துவிட்டார்.

"சனம் எழுந்துடுச்சுல்ல?"

"ஆசீர்வாதம் பண்ண எழுந்தாங்கப்பா."

"எழுந்துடுச்சா இல்லையா?"

இதை நியாயம் என்று எவனாவது சொல்வானா? கிட்டார் போய்விட்டது என்றே நினைத்தேன். அப்போது மேடையிலிருந்து அக்கா, தலையெல்லாம் மஞ்சள் அரிசியோடு, நிதானமாகச் சொன்னாள்: "நீங்களும்தானே அரிசி போட்டீங்க. அவன் கிட்டார்ல கைய வைக்காதீங்கப்பா. வச்சா நான் ரெண்டாவது தடவை கழுத்தை நீட்ட மாட்டேன்." அப்பா முன்வரிசைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

கிட்டார் பிழைத்தது. ஆனால் பழி மட்டும் மெஷினை இயக்கியவன் தலையில்தான். கட்டியவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் தாலி ஏறும்வரை நான் பிளக் பாயிண்ட் பக்கம் போகக் கூடாது. அக்கா மகளின் கல்யாணத்தன்று மண்டபத்து வாசலிலேயே ஒருவர் என்னை மறித்து, பையைத் திறக்கச் சொன்னார். யார் தெரியுமா? அத்தான். யோசிக்காமல் தாலி கட்டிய அதே மனிதர். எனக்கு ரத்தம் கொதித்தது.

"அத்தான், நீங்களே என்னைச் சந்தேகப்படுறீங்களா?"

அவர் மேடையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே புது மாப்பிள்ளை, வியர்த்து விறுவிறுத்து, தாலித் தட்டையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"உன் மேல எனக்கு நம்பிக்கை இருக்கு லா, மச்சான்" என்றார் அத்தான், குரலைத் தாழ்த்தி. "மாப்பிள்ளை மேலதான் இல்ல."