எட்டு மேசைக் கடையில் ஒரு டாக்டர்

“டாக்டர்” என்று அந்தப் பெண் மூன்றாம் முறை அழைத்தபோதுதான், அது தன்னைத்தான் என்று சுகுமாரனுக்கு உறைத்தது.

உணவகத்தின் வாசலில், பெயர்ப் பட்டியலோடு நின்றிருந்தாள் அவள். சட்டையில் ரூபினி என்று எழுதிய சின்ன அட்டை. “டாக்டர் சுகுமாரன், ரெண்டு பேர். சரிதானே?”

சுகுமாரன் தலையாட்டினான். கூட வந்த காமினி, பதினோரு வருஷமாகத் தன்னோடு குடும்பம் நடத்துகிறவனை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவள்போலப் பார்த்தாள்.

உட்கார்ந்ததும் சுகுமாரன் அவள் காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. சூலியா தெருவை ஒட்டிய சந்தில், ஒரு பழைய கடைவீட்டில் இந்த உணவகம் திறந்து அரை வருஷம் ஆகிறது. எட்டே மேசை. கஞ்சி, ரசம், பிரட்டல் என்று எல்லாம் வீட்டில் சாப்பிடுகிற சாப்பாடுதான். ஆனால் அதை அவர்கள் சமைக்கிற பக்குவமும் தட்டில் வைக்கிற அழகும் வேறு. காமினி இரண்டு மாதமாகக் கைப்பேசியில் அந்தப் படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். சுகுமாரனும் இரண்டு மாதமாக இணையத்தில் இடம் கேட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும் இடமில்லை என்றே பதில். போன வாரம் வெறுத்துப்போய், பெயருக்கு முன்னால் இருந்த ‘திரு’வை எடுத்துவிட்டு ‘டாக்டர்’ என்று போட்டுப் பார்த்தான். பத்தே நிமிஷத்தில் மேசை கிடைத்துவிட்டது.

உண்மையில் அவன் செபராங் ஜெயாவில் ஒரு கம்பெனிக்காக நகல் எடுக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன்.

காமினி கோபித்துக்கொள்வாள் என்று பயந்தான். அவளுக்கோ கண்கள் மின்னின. “அப்ப கூன் போடாம உட்காருங்க,” என்றாள். “டாக்டர் மாதிரி.”

முதலில் பீங்கான் கோப்பையில் கோழி ரசம் வந்தது. கூடவே தணலில் வாட்டி வெண்ணெய் தடவிய ரொட்டி பெங்காலி. காமினி ஒரு துண்டை ரசத்தில் தோய்த்து வாயில் போட்டாள். போட்டவள் கண்ணை மூடிக்கொண்டாள். மிளகும் வெண்ணெயும் சேர்ந்து செய்த வேலை அது. இனி வரப்போவது அவளுக்கு ஆட்டிறைச்சிப் பிரட்டல், அவனுக்கு நண்டுக் கஞ்சி, இரண்டு பேருக்கும் குலா மலாக்கா என்கிற தென்னை வெல்லம் போட்ட பாயசம். ஜெலுத்தோங் அடுக்குமாடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த களைப்பெல்லாம் எங்கோ போய்விட்டது.

கோப்பை காலியாகி இருபது நிமிஷம் ஆயிற்று. எந்த மேசைக்கும் அடுத்த தட்டு வரவில்லை. ரூபினி வந்து அவன் பக்கமாகக் குனிந்தாள். சமையல்காரர் சின்னையாவுக்குத் தலை சுற்றுகிறதாம், அடுக்களையில் உட்கார்ந்துவிட்டாராம், டாக்டர் ஒரு நிமிஷம் வந்து பார்க்க முடியுமா என்று கேட்டாள்.

சுகுமாரன் காமினியைப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் காமினியின் ஆட்டிறைச்சி போய்விடும். தப்பிக்க ஒரு வழி தோன்றியது.

“நான் பல் டாக்டர்மா,” என்றான். “தலை சுத்தலுக்கெல்லாம் நமக்கு மருந்து தெரியாது.”

ரூபினி முகம் வாடி உள்ளே போனாள். சுகுமாரன் நிம்மதியாக மூச்சு விட்டான். அடுத்த நிமிஷமே அவள் ஓட்டமாகத் திரும்பி வந்தாள். விசாரித்ததில் சின்னையாவுக்கு மூன்று நாளாகப் பல்வலி. வலியால் ஒன்றும் சாப்பிடவில்லை, அதனால்தான் தலை சுற்றல். பல் டாக்டரே கிடைத்தது கடவுள் புண்ணியம் என்றாள்.

கணவன் முகம் வெளுப்பதைக் கண்ட காமினி உதவிக்கு வந்தாள். “இவர் சின்னப் பிள்ளைங்களுக்கு மட்டும்தான் பார்ப்பார்மா. பெரியவங்க பல்லத் தொடறதே இல்ல.”

“ரொம்ப நல்லதுக்கா,” என்றாள் ரூபினி. “சின்னையாண்ணே ஊசின்னாலே அழுவார். அவருக்குப் பிள்ளைங்க டாக்டர்தான் சரி.”

வேறு வழியில்லாமல் எழுந்தான். அடுக்களைக்கு நடந்தபோது மற்ற ஏழு மேசைக்காரர்களும் பேச்சை விட்டுவிட்டு அவனையே பார்த்தார்கள். அந்த மரியாதை அவனுக்கு இன்னும் வியர்வையைக் கொடுத்தது.

சின்னையா ஐம்பது வயது தாண்டிய கனத்த மனிதர். வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். முதலாளி அப்துல் ரசாக் கைப்பேசி விளக்கை அவர் வாய்க்கு நேராகப் பிடித்தார். சுகுமாரன் குனிந்து, காகிதம் சிக்கிய இயந்திரத்துக்குள் பார்ப்பதுபோலவே உள்ளே பார்த்தான். பல் பல்லாகத்தான் இருந்தது.

“இப்பவே பிடுங்கிடுங்க டாக்டர்,” என்றார் சின்னையா. “பிடுங்கினாத்தான் நான் அடுப்புக்கிட்ட போவேன்.”

கையில் கருவி இல்லையே என்றான் சுகுமாரன். அதைக் கேட்டதும் ரசாக் இழுப்பறையைத் திறந்து, நண்டு உடைக்கும் இடுக்கியை எடுத்தார். சுத்தம் முக்கியம் என்று அதன்மேல் கொதிக்கும் வெந்நீரையும் ஊற்றினார்.

இடுக்கியைப் பார்த்துச் சின்னையா நடுங்கியதைவிடச் சுகுமாரன் அதிகம் நடுங்கினான். சுற்றுமுற்றும் பார்த்தான். அலமாரியில் மசாலா சாமான் புட்டிகள் வரிசையாக இருந்தன.

“மொதல்ல மருந்து,” என்றான் அழுத்தமாக. உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் வாய் கொப்புளிக்கச் சொன்னான். புட்டியிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து, வலிக்கிற இடத்தில் கடித்துக்கொள்ளச் சொன்னான். “அரை மணி நேரம் பார்ப்போம். வலி கொறையலன்னா பிடுங்கிடலாம்.” சொன்னது தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

மேசைக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் காமினி கடிகாரத்தைப் பார்த்தாள். அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடித்து ஓடிவிட வேண்டும் என்று இருவரும் முடிவு செய்தார்கள். வாயில் கிராம்போடு சின்னையா அடுப்பைப் பற்றவைத்திருக்க வேண்டும், பத்து நிமிஷத்தில் தட்டுகள் வந்தன.

பிரட்டல் மசித்த மரவள்ளிக்கிழங்கின்மேல் உட்கார்ந்திருந்தது. கரண்டி பட்டதுமே இறைச்சி எலும்பை விட்டு நழுவியது. காமினி ஒரு வாய் தின்றுவிட்டு, கணவன் வாயிலும் ஒரு வாய் வைத்தாள். அவனுடைய கஞ்சியில் நண்டு கொழகொழவென்று கரைந்திருக்க, மேலே பொரித்த நெத்திலி நொறுங்கியது. இவ்வளவு ருசியான சாப்பாட்டை இவ்வளவு வேகமாக அந்தக் கடையில் யாரும் தின்றிருக்க மாட்டார்கள்.

இருபத்தைந்தாவது நிமிஷத்தில் போய்விடலாம் என்று சுகுமாரன் கெஞ்சினான்.

“பாயசம் வராம நான் எழுந்திரிக்க மாட்டேன்லா,” என்றாள் காமினி. அவளைக் குறை சொல்ல முடியாது. இரண்டு மாதக் காத்திருப்பு.

முப்பதாவது நிமிஷத்தில் அடுக்களைக் கதவு திறந்தது. ரூபினி நேராக அவர்களை நோக்கி வந்தாள். கையில் தட்டு, தட்டின்மேல் வெள்ளைத் துணி. துணிக்கு அடியில் இருப்பது இடுக்கிதான் என்று சுகுமாரனுக்குத் தெரிந்துவிட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் எழுந்து நின்றான்.

“தங்கச்சி, நான் டாக்டரே இல்ல. பல் டாக்டரும் இல்ல. ஃபோட்டோஸ்டாட் மிஷின் ரிப்பேர் பண்றவன். மேசை கிடைக்கணும்னு பொய் சொல்லிட்டேன்.”

ரூபினி துணியை விலக்கி, ஆவி பறக்கும் இரண்டு கிண்ணம் பாயசத்தை எடுத்து மேசையில் வைத்தாள். வலி குறைந்துவிட்டதாம், டாக்டருக்கென்று சின்னையாவே தன் கையால் முந்திரி வறுத்துப் போட்டாராம்.

“அப்ப எட்டுக்கு எட்டும் ஆச்சுண்ணே,” என்றாள் மெதுவாக. “மத்த ஏழு மேசை டாக்டருங்களும், நான் மொதல்ல போய்க் கேட்டப்பவே டாக்டர் இல்லன்னு உண்மையச் சொல்லிட்டாங்க.”