நடுக்கடலில் என் மகள், நடுவே உங்கள் விளம்பரம்

நெய்வேலி நகரியம்,
ஞாயிற்றுக்கிழமை.

‘ஆடுதளம்’ விளையாட்டுத் தொலைக்காட்சியின் ஒளிபரப்பு ஆசிரியர் அவர்களின் மேலான பார்வைக்கு, நெய்வேலி சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் ஃபோர்மேனாக இருக்கும் வி. குஞ்சிதபாதம் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், கோட்டு போட்டுக்கொண்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஓயாமல் பேசும் அந்த மூன்று பெரியவர்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதுவது முறை. எழுதிவிட்டேன். இங்கே நாங்கள் சுகமில்லை. அதற்குக் காரணம் தாங்கள்தான்.

என் மகள் எழில்மதி இந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பாய்மரப் படகு ஓட்டுகிறாள். பெண்கள் பிரிவு, ஒரு படகுக்கு ஓர் ஆள். நெய்வேலிப் பெண்ணுக்குக் கடல் எங்கிருந்து வந்தது என்று தாங்கள் கேட்கலாம், ஊரே கேட்டது. எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் சுரங்கத்துக்கு அடியில் ஊறுவது, அதை இரவு பகலாக மோட்டார் வைத்து வெளியே இறைத்துத் தள்ளுவோமே தவிர யாரும் அதில் படகு விட்டதில்லை. சென்னையில் கல்லூரிக்குப் போனவள் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் சேர்ந்தாள், துறைமுகத்தில் படகு பழகினாள், பிறகு பம்பாய் என்றாள், கோவா என்றாள், இப்போது நாட்டுக்காகப் போயிருக்கிறாள். இதில் எங்களுக்கு வந்த வினை என் மனைவி மாணிக்கம்மாளின் அண்ணன் தனகோட்டி. சேத்தியாத்தோப்பில் உரக்கடை வைத்திருக்கிறார். தன் மகனுக்கு எழில்மதியைக் கேட்டார். “போட்டியெல்லாம் முடியட்டும் மாமா” என்று அவள் சொன்னதை அவர் முகத்தில் அடித்ததாக எடுத்துக்கொண்டார். போன தை மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், பாயசம் பரிமாறுகிற நேரமாகப் பார்த்து, “படகு ஓட்டுதாம் படகு! எந்த டிவியிலயாவது காட்டிக்கினு இருக்கானா? கிரிக்கெட்டு காட்றான், கபடி காட்றான், குண்டு தூக்கிப் போடறதக்கூட காட்றான். இத மட்டும் ஏன் காட்டல? இருந்தாத்தான காட்டுவான்!” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பந்தியே சிரித்தது. மாணிக்கம்மாள் இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். அன்றிலிருந்து சொந்தக்காரர் வீட்டு விசேஷம் ஒன்றுக்கும் அவள் போவதில்லை. தாங்கள் எழில்மதியை ஒரே ஒரு தடவை காட்டினால் என் மனைவி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அடுத்த கல்யாணத்துக்குப் போவாள், காட்டாவிட்டால் போகமாட்டாள். விஷயம் இவ்வளவுதான், அதுவும் தங்கள் கையில்தான் இருந்தது.

‘பாய்மரப் படகு, நேரலை’ என்று தாங்களே திரையின் அடியில் ஓடவிட்டீர்கள். அதை நம்பித்தான் மாணிக்கம்மாள் தன் அண்ணனுக்குப் போன் போட்டு, “வாண்ணே, வந்து ஒங் கண்ணால பாத்துட்டுப் போ” என்றாள். அவரும் நாலைந்து வேட்டிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். பிளாக்கில் தெரிந்தவர்கள் எல்லாம் எங்கள் குவார்ட்டர்ஸ் கூடத்தில் நிறைந்தார்கள். தாங்கள் முதலில் கபடி போட்டீர்கள். பிறகு அதே கபடியை மெதுவாகப் போட்டீர்கள். பிறகு கோட்டுக்காரர்கள் மூவரும் அந்தக் கபடியைப் பற்றிப் பேசினார்கள், பேசி முடித்ததும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் வந்தது, எண்ணெய்க்குப் பிறகு கபடியில் தோற்றவரின் பேட்டி. கூடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக “அரிசி ஊறுது”, “பால் வாங்கணும்” என்று எழுந்து போனார்கள். அப்புறம் ஒருவழியாகக் கடல் வந்தது. காற்று இல்லையாம், கடல் சும்மா கிடந்தது. ஹெலிகாப்டரிலிருந்து காட்டியதால் எல்லாப் படகுகளும் கொடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டி மாதிரிதான் தெரிந்தன. எது எங்கள் பெண் என்று தெரியாமல், எதற்கு வம்பு என்று, மாணிக்கம்மாள் சூடம் ஏற்றி டிவி முழுவதற்கும் திருஷ்டி கழித்தாள். சீனா, தாய்லாந்து, கொரியா எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு போயிற்று. தங்கள் வர்ணனையாளர் பழைய கிரிக்கெட்காரர் போலிருக்கிறது, ‘இந்தக் காற்றில் பந்து நன்றாகத் திரும்பும்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஐயா, அவருக்குத் தாங்கள் சம்பளம் கொடுக்கிறீர்களா?

அதற்கு நடுவில் புள்ளிப் பட்டியல் என்று ஒன்றை, கண் இமைக்கும் நேரத்துக்கு மட்டும் போட்டீர்கள். அதில் எழில்மதி பெயர் இருந்தது, பெயருக்கு நேரே இருந்த எண்தான் மற்ற எல்லோரையும்விடப் பெரியது. நான் பெல்ட்டில் காலம் தள்ளியவன். எங்கள் பிரிவில் எந்த ஷிப்டு அதிக டன் ஏற்றி அனுப்புகிறதோ அந்த ஷிப்டுதான் முதல், அதற்குத்தான் பாராட்டு. நான் வேறு எப்படிப் புரிந்துகொள்வது? உடனே வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஜாங்கிரி வாங்கி வந்து பிளாக் முழுக்கக் கொடுத்தேன். என் மைத்துனர் இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டார், மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டே ஊரில் யாருக்கோ போன் போட்டு, “நம்ப பாப்பாதான் மொதல்ல இருக்குது. எந் தங்கச்சி பொண்ணு, வேற யாரு!” என்று சொன்னார். மாணிக்கம்மாள் சமையலறை வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பந்தியில் போன மானம் பாதி திரும்பி வந்துவிட்டது என்று அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. சாயந்திரம் எழில்மதி போன் பண்ணியபோது நான் வாழ்த்துச் சொன்னேன்.  அதற்கு அவள், “அப்பா, இதுல முதல்ல வந்தா ஒரு பாயிண்ட்டு, ரெண்டாவதா வந்தா ரெண்டு. யாருக்குக் கம்மியோ அவங்கதான் முன்னாடி. நான் கடைசியில இருக்கேம்ப்பா” என்றாள். ஒரு வரி, ஐயா, ‘குறைந்த புள்ளியே முதலிடம்’ என்று ஒரே ஒரு வரி போட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? என் மைத்துனர் வேட்டி நுனியில் கையைத் துடைத்துக்கொண்டு, “கடைசியா வர்றதுக்கா கல்யாணத்த வேணாம்னுது?” என்று கேட்டார். 

மறுநாளிலிருந்து நான் இதை முறையாகச் செய்வது என்று முடிவு செய்தேன். தாங்கள் எப்போது காட்டுவீர்கள் என்று தங்களுக்கே தெரியாத நிலையில் டிவியை விட்டுக் கண் எடுக்க முடியாது. ஆகவே ஷிப்டு போட்டேன். காலையில் நான், அதற்குப் பிறகு என் கீழே ஆபரேட்டராக இருக்கும் பக்கத்து வீட்டு இசக்கிமுத்து, சாயந்திரம் மாணிக்கம்மாள். சுரங்கத்தில் உள்ள விதிதான் இங்கேயும்: ரிலீவர் வராமல் சீட்டை விட்டு எழக்கூடாது, வந்தவரிடம் நேருக்கு நேர் நின்று நிலவரம் சொல்லாமல் போகக்கூடாது. எதிர் வீட்டுக்காரர் நைட் ஷிப்டு முடித்துவிட்டு வந்து பகலில் தூங்குகிறவர் ஆதலால் டிவியில் சத்தம் வைப்பதில்லை. எங்கள் நகரியத்தில் பகலில் யாரும் அடுத்தவர் தூக்கத்தைக் கெடுப்பதில்லை, கல்யாண வீட்டு ரேடியோகூட இங்கே மெதுவாகத்தான் பாடும். வெள்ளிக்கிழமை இசக்கிமுத்து வந்தான். பழக்கதோஷத்தில் நான் எழுந்து அவனுக்கு நேரே நின்றேன்.

“என்ன அண்ணாச்சி, நெலவரம் எப்படி இருக்கு?” என்றான்.

“கபடி ஓடுது. நடுவுல ரெண்டு தடவை எண்ணெ. கோட்டுக்காரங்க சூடாயிட்டாங்க, கவனிச்சிக்க.”

“கடலு?”

“கடல் இன்னும் ஸ்டார்ட் ஆகல.”

“சரி, ரிமோட்டைத் தாங்க. நீங்க போய்ச் சாப்பிடுங்க, நா பாத்துக்கிடுதேன்” என்று வாங்கிக்கொண்டான். மாணிக்கம்மாள் எங்களுக்கு டீ கொண்டுவந்து அங்கேயே நின்றாள். மூவரும் ஆளுக்கொரு வாய் குடித்திருப்போம். திரும்பிப் பார்த்தபோது எண்ணெய் வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் டிவியைப் பார்த்தபடி சோபாவில் உட்கார்ந்திருந்தவர் என் மைத்துனர் ஒருவர்தான். “மச்சான், எதுனா வந்துச்சா?” என்று கேட்டேன். “என்னா வரும்? எண்ணெதான் வந்துச்சு” என்று சொல்லிவிட்டு முற்றத்துப் பக்கம் போய்விட்டார்.

அன்று சாயந்திரம் எழில்மதி போன் பண்ணினாள். ஒரு வாரமாக வீடியோவில் வரமாட்டேன் என்கிறாள், கேட்டால் நெட் சரியில்லையாம், குரல் மட்டும்தான். “அப்பா, இன்னிக்கு ரேஸுல நான் மூணாவதா வந்தேன். கேமராப் படகு என் பக்கத்துலயே வந்துக்கிட்டு இருந்துச்சு. பாத்தீங்களா? அம்மா பாத்தாங்களா?” என்று கேட்டாள். அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. “பாத்தோம்மா. அம்மா அழுதுட்டா” என்று சொன்னேன். அம்மா அழுதது மட்டும் உண்மை. செல்போனில் தங்கள் தொகுப்புகளை எல்லாம் தேடினோம். கபடி இருக்கிறது, வில்வித்தை இருக்கிறது, கோட்டுக்காரர் ஒருவர் தும்மியதுகூடத் தனியாக இருக்கிறது, படகு இல்லை. ஆகவே, கேமரா படம் பிடித்திருக்கிறது, தாங்கள்தான் அதைப் போடாமல் எண்ணெய் விற்றிருக்கிறீர்கள். இதற்கு என் சாட்சி மேற்படி தனகோட்டி. எங்களுக்குச் சாதகமாக ஒரு சொல்லும் சொல்லாதவர் ஆதலால் அவருடைய சாட்சியில் கலப்படம் இருக்க வழியில்லை.

ஐயா, வயதில் பெரியவனாக எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. தங்கள் வீட்டுப் பெண் நடுக்கடலில் ஒற்றை ஆளாகக் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது தங்களுக்கு யாராவது எண்ணெய் விளம்பரம் காட்ட வேண்டும், அப்போதுதான் தெரியும். நாளையிலிருந்து தங்கள் சேனலுக்கு நாங்கள் சந்தா கட்டப்போவதில்லை. எங்கள் பெல்ட் பிரிவில் யார் வீட்டிலும் கட்டவிடமாட்டேன். அந்த எண்ணெயையும் இனி வாங்கமாட்டோம், என் தலைக்கு அது தேவைப்பட்டதும் இல்லை.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கத்தையும் குழந்தைகளுக்கு என் ஆசியையும் சொல்லவும். அவர்கள் ஏதாவது ஒரு விளையாட்டில் பெரிய ஆளாக வரட்டும், அதை வேறு ஏதாவது சேனல் காட்டட்டும்.

மனம் நொந்த,
வி. குஞ்சிதபாதம்.

பி.கு.: உறைக்குக் கோந்து தேடிக்கொண்டிருந்தபோது நடந்ததை இங்கேயே எழுதுகிறேன், வேறு தாள் இல்லை. என் மைத்துனர் பையை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே தங்கையிடம், “பாப்பா போன் பண்ணா ஒடம்பப் பாத்துக்கச் சொல்லு. நெத்தியில அவ்ளோ பெரிய பிளாஸ்திரி ஒட்டிக்கினு கடல்ல எறங்கணும்னு யாரு அழுதா?” என்றார்.

“எந்த நெத்திண்ணே?” என்றாள் மாணிக்கம்மாள்.

அவர் குனிந்து அடுத்த செருப்பைத் தேடினார். நான் உடனே மகளுக்குப் போன் போட்டேன். “யாருப்பா சொன்னது? படகுப் பாயோட கீழ்க்கட்டை வந்து இடிச்சிடுச்சு, தையல் போட்டிருக்காங்க. அம்மா பயந்துடுவாங்கன்னுதான் வீடியோவுல வரல” என்றாள். நான் போனை வைத்துவிட்டு மைத்துனரைப் பார்த்தேன். ஒரு செருப்போடு நின்றுகொண்டிருந்தார்.

“காட்டுனான், மாப்ள. நீங்க மூணு பேரும் முதுக காட்டிக்கினு டீ குடிச்சீங்க பாரு, அப்பதான். பேரு போட்டு, கொடி போட்டு, மூஞ்சியக் கிட்டத்துலயே காட்டுனான். சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள எண்ணெ வந்துடுச்சு. நீ வேற எதுனா வந்துச்சான்னு கேட்ட. பந்தியில அவ்ளோ பேசிப்புட்டு எப்பிடிச் சொல்றது, சொல்லு.”

கோந்துப் புட்டி என் கையில் இருந்தது. எறிந்திருப்பேன். மாணிக்கம்மாள் நடுவில் வந்து நின்று, அவர் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தாள். கூரை அதிரத் திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

“அவ மூஞ்சி எப்பிடிண்ணே இருந்துச்சு?” என்றாள்.

“கறுத்துப் போயிருந்துச்சு.”

“எளைச்சிருந்தாளா?”

“தெரியல. சட்டைக்கு மேல மெத்த மாதிரி என்னமோ போட்டுக்கினு இருந்துச்சு.”

“சிரிச்சாளா?”

“கடைசிக் கோட்டத் தாண்டுனதும் சிரிச்சுது. கேமராவப் பாத்துக் கைய ஆட்டுச்சு.” அவர் மாட்டியிருந்த செருப்பைக் கழற்றினார். “நானும் ஆட்டிட்டேன்” என்றார்.

ஆகவே ஐயா, தாங்கள் காட்டியிருக்கிறீர்கள். சந்தா, சாபம் எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். முடிந்தால் அதை இன்னொரு தடவை போடுங்கள், எத்தனை எண்ணெயோடு வேண்டுமானாலும் போடுங்கள், அவளுடைய அம்மா இன்னும் பார்க்கவில்லை. சேத்தியாத்தோப்பு பஸ் போய்விட்டது. மாணிக்கம்மாள் தன் அண்ணனை சோபாவில் அதே இடத்தில் உட்காரவைத்து முதலிலிருந்து சொல்லச் சொல்லியிருக்கிறாள். அந்த மனிதரிடம் சாகிறவரை பேசுவதில்லை என்று நான் தீர்மானித்திருக்கிறேன். ஆனாலும் இதை முடித்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்காரப்போகிறேன், கேட்க வேண்டியிருக்கிறது.