அட்டையக்கா அறையில் மூன்று கம்பெனிகள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இங்கே யாருக்கும் காய்ச்சல் இல்லை, கூரை ஒழுகவில்லை. அதற்கு மேல் நலம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. நீங்களும் எங்கள் மகளும் குழந்தையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நீங்கள் கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்துபவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன். உங்கள் அத்தையின் கிளினிக்கில் நோயாளிகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்க ஒரு மென்பொருளை வெள்ளிக்கிழமைக்குள் நான் தேர்ந்தெடுத்தாக வேண்டும். இன்று புதன். ஓய்வு பெற்ற மனுஷன் சும்மாதானே இருக்கிறார் என்று உங்கள் அத்தை இந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார். இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுந்து நடந்துவிட்டேன்.

உங்கள் அத்தை முப்பது வருடமாக வைத்தியம் பார்ப்பது, நோயாளிகளின் விவரம் எழுதிய காகித அட்டைகளை நம்பித்தான். அவற்றைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளை நோயாளிகள் அட்டையக்கா என்றே கூப்பிடுவார்கள். அவர் அட்டைகளைப் பெயர் வரிசையில் வைப்பதில்லை, எண்ணும் கிடையாது. தெருவில் வீடுகள் எப்படி அடுத்தடுத்து நிற்கின்றனவோ அப்படியே அலமாரித் தட்டிலும் வைத்திருக்கிறார். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டுக்காரர்கள்கூட அங்கே ஒட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். ஆள் படியேறும்போதே, அவர் முகத்தைப் பார்த்தபடி கையைப் பின்னால் நீட்டி அட்டையை உருவிவிடுவார். போன மாதம்தான் முதல் முறையாகத் தவறியது. தையல்காரர் வந்தபோது அவருடைய அடுத்த வீட்டுக்காரரின் அட்டை டாக்டர் மேசைக்குப் போய்விட்டது. தையல்காரருக்கு ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது. அது அவருடைய அட்டையில் சிவப்பு மையில் இருக்கிறது, ஆனால் அட்டை தட்டில் இருக்கிறது. ஊசியில் அதே மருந்தை ஏற்றியாகிவிட்டது. "டாக்டரம்மா, போன தடவை இதைப் போட்டுத்தானே எனக்கு மூஞ்சி வீங்குச்சு?" என்று அவராகவே கேட்டதால் பிழைத்தார்.

உங்கள் அத்தை அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை, "கம்ப்யூட்டர் வரணும். இல்லன்னா கிளினிக்க மூடிடறேன்" என்றார். அதைக் கேட்ட அட்டையக்கா, "கம்ப்யூட்டர் வந்தா நான் வரல" என்றார். இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லவில்லை, இரண்டையும் என்னிடம்தான் சொன்னார்கள். ஒருவர் இல்லாமல் இன்னொருவரால் ஒரு நாள்கூடக் கிளினிக் நடத்த முடியாது என்பதால், அன்று முதல் எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

மூன்று கம்பெனிக்காரர்கள் வந்து காட்டினார்கள். முதல் மென்பொருள் பிறந்த தேதி போடாமல் அடுத்த பக்கத்துக்கு நகராது. சர்க்கரை மாத்திரைக்கு வந்திருந்த லாரி டிரைவருக்குத் தேதி நினைவில்லை. கம்பெனிக்காரர் சமாளிப்பதற்காக அன்றைய தேதியைப் போட்டார். உடனே அது, பிறந்தபோது எடை எவ்வளவு, தாய்ப்பால் சரியாகக் குடிக்கிறதா என்று கேட்க ஆரம்பித்து, சர்க்கரை மாத்திரை எழுத மறுத்துவிட்டது. இரண்டாவது, டாக்டர் பேசப்பேசத் தானே எழுதிக்கொள்ளும். நல்ல யோசனை என்று நானும் நினைத்தேன். மாலையில் எடுத்துப் பார்த்தால், ஒரு அம்மாளின் மூட்டுவலிக்கு நடுவே, "தண்ணி மோட்டார நிறுத்தினீங்களா இல்லையா? நிறுத்தினேன்னு சும்மா தலையாட்டாதீங்க" என்று இருந்தது. அது எனக்குச் சொன்னது. இப்போது அந்த அம்மாளின் வியாதியாக நிற்கிறது. மூன்றாவதில் ஒரு தலைவலிக்கு இருபத்தேழு கேள்வி. உங்கள் அத்தை திரையைப் பார்த்தே பதில் தட்டிக்கொண்டிருக்க, தலைவலிக்காரர் பொறுமையாக, "டாக்டரம்மா, நான் இந்தப் பக்கம் இருக்கேன்" என்றார். இத்தனையையும் அட்டையக்கா வாசற்படியில் நின்று பார்த்தார். சிரிக்கவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

காலையில் மூன்றாவது என்று முடிவு செய்தேன். குளித்துவிட்டு வந்ததும் இரண்டாவது. நாங்கள் கொஞ்சம் வாயை அடக்கிக்கொண்டால் அது போதும் என்று தோன்றுகிறது. இரண்டாவதை வாங்கலாமா என்று, கூரியரில் நாளையே வந்துவிடும் இந்தக் கடிதம் கண்டதும் போன் செய்யுங்கள். அட்டையக்காவுக்கும் ஒரு போன் போட்டு, அவர் வேலைக்கு ஆபத்தில்லை என்று பக்குவமாகச் சொல்லுங்கள். உங்கள் பேச்சுக்கு அவர் மரியாதை வைத்திருக்கிறார்.

நீங்கள் மூவரும் எந்த டாக்டர் வீட்டு வாசலையும் மிதிக்காமல் நெடுநாள் வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: உறை எடுக்க அட்டை அறைக்குப் போனேன். கம்பெனிக்காரர்கள் சோதித்துப் பார்க்க விட்டுப்போன கம்ப்யூட்டர் முன்னால் அட்டையக்கா தனியாக உட்கார்ந்திருந்தார். முதல் மென்பொருளில் எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, திரையில் ஒரே ஒரு பெயர் மட்டும் நிற்கும்படி செய்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "இதுல மட்டும்தான் சார் எழுத்து இவ்வளவு பெருசாகுது. ரெண்டு வருஷமா அட்டையில இருக்கற எழுத்து எனக்குக் கண்ணுக்குத் தெரியல. கைப்பழக்கத்துல எடுத்துக் குடுத்துக்கிட்டு இருந்தேன். கம்ப்யூட்டர் வந்தா படிக்கச் சொல்லுவீங்க, தெரிஞ்சுபோயிடும்னுதான் வரலன்னு சொன்னேன்" என்றார். இந்த முறை நான் இருவருக்கும் நடுவே தபால் வேலை பார்க்காமல் உங்கள் அத்தையையே கையோடு கூட்டி வந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை. "தினம் அம்பது தடவை என் எதிர்ல வந்து நிக்கிறா. நான் பார்க்கவே இல்லையே" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு, குறித்துக்கொள்ள அவருடைய அட்டையைக் கேட்டார். இங்கே வேலைக்குச் சேர்ந்த இருபத்தாறு வருடத்தில் அட்டையக்காவுக்கு என்று ஓர் அட்டை போடவே இல்லை. ஆகவே, மாப்பிள்ளை, மேலே கேட்ட எதற்கும் போன் வேண்டாம். முதல் மென்பொருளே இருக்கட்டும். அதில் முதல் ஆளாக அவரை ஏற்றியாகிவிட்டது.