காப்புக் கட்டாதவருக்கு வழியில்லை

தானத்தில் சிறந்தது அன்னதானம் என்று சொன்னவர், ஜேர்மனியில் மழைக்குள் மஞ்சள் அங்கி போட்டு வாசல் காத்தவராக இருக்க முடியாது. சோறு போட யாராலும் முடியும். ஒருவரை உள்ளே விடாமல் நிற்பதற்குத்தான் தியாகம் வேண்டும்.

அந்தத் தியாகத்தை 2007 கோடையில் எங்கள் கெல்சென்கிர்ச்சன் 'எல்லையில்லா அன்புச் சங்கம்' செய்தது. ஊருக்கு வெளியே ஒரு வயல்வெளியில் இசைவிழா. தொண்டர்களை அனுப்பும் சங்கத்தின் நற்பணிக்கு விழாக்காரர் நன்கொடை தருவார்கள். எங்கள் நற்பணி, புதிதாக வரும் அகதிகளுக்கு உதவுதல். எங்கள் தொண்டர்கள், தலைவர் இராசலிங்கம் அண்ணையும் செயலாளராகிய நானும். மற்ற அங்கத்தவர்களுக்கு மழை ஒத்துக்கொள்ளாது.

எங்களுக்குப் பின்வாசல் கிடைத்தது. சேறு முழங்காலை எட்டியது. அங்கியின் முதுகில் 'அகதிகளை வரவேற்கிறோம்' என்று ஜேர்மன் மொழியில் கொட்டை எழுத்து. வேலை ஒன்றுதான்: காசு கட்டியவர்களின் கையில் நுழைவுச்சீட்டாகக் கட்டிவிடும் விழாப் பட்டி இல்லாத எவரையும் விடக்கூடாது.

அதைப் பட்டி என்று சொல்ல அண்ணைக்கு மனம் வரவில்லை.

"இது காப்பு, சேகரன். கோயில் திருவிழாவிலை காப்புக் கட்டினவன் கொடி இறங்குமட்டும் எல்லை தாண்டமாட்டான். இங்கை கட்டாதவன் தாண்டேலாது. அவ்வளவுதான் வித்தியாசம்."

அந்த நேரம் பார்த்து வேலிக்கு அடியால் இரண்டு ஜேர்மன் பெடியன்கள் ஊர்ந்து வந்தார்கள். உச்சி முதல் உள்ளங்கால் வரை சேறு. அண்ணை 'கூட்டன் டாக்' என்று ஜேர்மன் மொழியில் வணக்கம் சொல்லி வழிவிட்டார்.

"காப்பு பாக்கேல்லையே, அண்ணை?"

"சேத்துக்குள்ளை இருக்கும். தோண்டிப் பாக்கிறது பண்பில்லை."

பின்னேரம் மெலிந்த ஒருவர் நனைந்தபடி ஓடிவந்தார். எங்கள் தமிழ் ஆள்தான். பெயர் பேனாட், நாட்டுக்கு வந்து சில மாதம். வயலுக்கு அந்தப் பக்கம் கூரை தெரிகிற அகதி முகாமில் இருக்கிறார். சட்டைக்குள் ஒரு மருந்துப் பை.

"அண்ணை, பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்குது. மருந்து வாங்கிக்கொண்டு வாறன். இதாலை விட்டியளெண்டா டக்கெண்டு போயிடுவன். விழாவாலை பஸ்ஸும் ஓடேல்லை. சுத்திப் போறதெண்டா இருண்டிடும்."

"காப்பு இருக்கோ?"

"என்ன காப்பு?"

புதிதாக வருகிறவர்களின் அறியாமை எங்கள் இருவரையும் வருத்தியது.

"தம்பி, உங்களை மாதிரி ஆக்களுக்காகத்தான் நாங்கள் இந்தச் சேத்துக்குள்ளை நிக்கிறம்," என்றார் அண்ணை. "இடைஞ்சல் செய்யாதையுங்கோ."

ஆனாலும் நாங்கள் கல்நெஞ்சர்கள் அல்ல. உடனே நிர்வாகசபையின் அவசரக் கூட்டத்தைச் சேற்றிலேயே கூட்டினோம். தலைவர் தலைமை தாங்கினார். நான் வரவேற்புரை நிகழ்த்தினேன். வரவேற்க வேறு ஆளில்லாததால் தலைவரையே வரவேற்றேன். பேனாட் அங்கத்தவர் அல்லாதபடியால் தள்ளி நிற்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார்.

"ஒருத்தரைத்தானே, விட்டா என்ன?" என்று கேட்டேன்.

"அடுத்த வருசத்துக்கு முன்வாசல் கேட்டிருக்கிறன், சேகரன். பேரைக் கெடுக்கேலாது."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

"இந்த மாவட்டத்தைத் தாண்டக் கூடாதெண்டு எனக்கும் அகதிக் கந்தோராலை கடிதம் தந்திருக்கினம், அண்ணை," என்றார் பேனாட். "காப்புத்தான் ஒருத்தரும் கட்டேல்லை."

நல்ல பகிடி என்று சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

திடீரென்று அண்ணையின் முகம் மலர்ந்தது. "சேகரன், ஆண்டறிக்கைக்கு உண்மையான அகதியின்ரை படம் ஒண்டும் இல்லையெல்லோ? தம்பி, உள்ளுக்கு வாங்கோ!"

பேனாட் பாய்ந்து உள்ளே வந்தார். அண்ணை அவர் தோளில் கை போட்டார். நான் படம் எடுத்தேன். பேனாட் கமராவைப் பார்க்கவேயில்லை. முகாம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப உள்ளுக்குத்தானே நிக்கிறன், அண்ணை. இப்பிடியே போகட்டே?"

"படம் வேறை, பாதை வேறை, தம்பி."

அவரை உரிய மரியாதையுடன் வெளியே கொண்டுபோய் விட்டோம். அண்ணை முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். அந்த முதுகை ஒருதரம் வாசித்துவிட்டு, பேனாட் வேலியோரமாக ஓடத் தொடங்கினார்.

அவர் போய்ச் சேருமுன்பே பிள்ளைக்கு வலிப்பு வந்து, அம்புலன்ஸ் கொண்டுபோய்விட்டதாம். தெய்வாதீனமாகப் பிள்ளை பிழைத்துக்கொண்டது. எனவே அந்தப் படம் ஆண்டறிக்கையின் அட்டையிலேயே வந்தது: 'எங்கள் உதவியால் நலம்பெற்ற குடும்பம்.'

நீங்களும் அகதிகளாக வந்தவர்கள்தானே என்று பொறாமைக்காரர் சிலர் கேட்கிறார்கள். ஆம், வந்தோம். எண்பத்தைந்தில் அண்ணையும் நானும் ஒரே விமானத்தில் கிழக்கு பேர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினோம். எங்கள் காகிதங்கள் சரியில்லை. அது எங்களுக்கும் தெரியும், வாசலில் நின்ற அதிகாரிக்கும் தெரியும். அவர் காகிதத்தைப் பார்த்தார், எங்கள் முகத்தைப் பார்த்தார், "போ" என்று கையைக் காட்டினார்.

பாவம், பயிற்சி இல்லாத மனிதர். அன்று அந்த வாசலில் நாங்கள் நின்றிருந்தால், எங்களை விட்டிருக்கவே மாட்டோம்.