சாப்பாட்டு நாற்காலி ரயில் புறப்படாதது குறித்து

அன்பும் மதிப்பும் மிக்க அக்காவுக்குத் தம்பி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். குழந்தை மட்டும் இன்னும் பேசவில்லை. உன் பாலர் பள்ளியில் எல்லாக் குழந்தைகளும் ஓயாமல் பேசுவதால் உனக்குத் தலைவலி என்று அறிந்தேன். அது தீர வேண்டுகிறேன்.

நீ சொன்னபடி ரயில் விளையாட்டைத் தொடங்கிப் பதினொரு நாளாகிறது. சாப்பாட்டு நாற்காலி ஆறையும் கூடத்தில் வரிசையாகப் போட்டாயிற்று. சமையலறை முதல் நிலையம், குளியலறை கடைசி நிலையம். நாங்கள் நின்றுகொண்டே சாப்பிடுகிறோம். மூன்றரை வயதில் மொத்தம் ஆறு வார்த்தைதான் சொல்கிறாள், அந்த ஆறில் 'அப்பா' இல்லை என்னும்போது இதுகூடச் செய்யாமல் எப்படி? அவளை ஓட்டுநராக்கி, "வண்டி எங்க போகுது?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு அவள் பதிலுக்காகப் பத்து வரை எண்ணச் சொல்லியிருந்தாய். எண்ணினேன். மனதுக்குள் எண்ண வேண்டும் என்று முன்பே சொல்லியிருக்கலாம். இருபது வருஷமாக வானொலி அறிவிப்பாளனாக இருப்பவனுக்கு மூன்று விநாடி மௌனம் என்றாலே மேலதிகாரி முகம் ஞாபகம் வந்துவிடும். ஆகவே எண்ணி முடித்து, அவளுக்கான பதிலையும் நானே சொல்லி, அடுத்த நிலையத்தை அறிவித்து, வானிலையும் வாசித்துவிட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். நல்ல நேயர்.

நேற்று குழாய் ரிப்பேருக்கு ஒருத்தர் வந்தார். குளியலறைக்கு ரயில்லதான் போகணும்னு உட்கார வச்சேன். மனுஷன் கருவிப் பையை மடியில வச்சுக்கிட்டு முக்கால் மணி நேரம் என் அறிவிப்பைக் கேட்டார், அதுக்குள்ள தண்ணி கூடத்துக்கே வந்துடுச்சு, உன் தம்பி பெண்டாட்டி வாளியோட நாலாவது நாற்காலியில ஏறி நின்னுக்கிட்டு, "எல்லாத்தையும் நீங்களே பேசிட்டா அவ எதைப் பேசுவா?"ன்னா. நான் பேசாவிட்டால் இந்த வீட்டில் வேறு யார் பேசுவது என்பதை அவள் யோசிக்கவில்லை.

ஆகவே உன் முறை நம் குடும்பத்துக்கு ஒத்துவராது. இன்று மாலை நாற்காலிகள் மேசைக்கே திரும்பும். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு அக்கா.

அத்தானுக்கு வணக்கம். உங்கள் வீட்டில் பேச்சு குறையவும் எங்கள் வீட்டில் கூடவும் வேண்டி,
தம்பி

பி.கு.: கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுத ஒரு மணி நேரமாயிற்று. விழித்திருக்கும்போது நான் இவ்வளவு நேரம் வாய்மூடி இருந்ததாக நினைவில்லை. மிச்ச வேலைக்கு வந்த குழாய்க்காரரிடம் வெளியே யாரோ, "பையைக் கீழ வை. கடைசி ஸ்டேஷன்ல இறங்கு" என்றது கேட்டது. மனைவியின் குரல் இல்லை. இப்போது அந்தக் குரலே கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்கிறது. "அப்பா, வண்டி கிளம்புது. பேசாம வந்தா ஏறு" என்கிறாள். மேலே எழுதியதைப் படிக்காதே. எனக்குக் கடைசிப் பெட்டியில்தான் இடமாம், போய்வருகிறேன்.