மான் விரட்டும் மேதைகள்

நம்மூரில் யோசனை மனிதர் என்று ஓர் இனம் உண்டு. மலையடிவாரத்தில் நீங்கள் ஒரு கன்று நட்டால் மூன்றாம் நாள் மான் வரும், நான்காம் நாள் இவர் வருவார். மானையாவது விரட்டிப் பார்க்கலாம்.

கணியம்பாடிப் பக்கம் நாற்பது மாங்கன்று வைத்த கரோலின் சிஸ்டரைக் கேளுங்கள். முப்பது வருஷம் நர்ஸ் வேலை பார்த்து, 2001இல் ஓய்வு பெற்று, கோடை முழுக்கக் குடம் குடமாய்த் தண்ணீர் சுமந்து தளிர்க்க வைத்த கன்றுகள். விடியற்காலையில் காட்டிலிருந்து இறங்கிய புள்ளிமான்கள் கொழுந்தைக் கடித்துவிட்டுப் போயிருந்தன. இப்படியே கடித்துக்கொண்டிருந்தால் பிழைக்காது. பாவம், அழுதேவிட்டார்.

வந்தார் ஆபேல் சார். ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தவர், ஒரு ரோஜாச் செடிகூட வளர்த்தறியாதவர். இடுப்பில் கை வைத்து, கன்றைப் பார்க்காமல் மலையைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"இதெல்லாம் ஒரு மேட்டரா சிஸ்டர்?"

முதலில் பழைய கேசட் நாடாவை இழுத்துக் கட்டச் சொன்னார். காற்றில் அது விர்ரென்று இரைய, மான்கள் அதைக் கேட்டுக்கொண்டே தின்றன. பிறகு, மனுஷ வாடைக்கு மான் மிரளுமென்று சலூன் முடியைக் கொண்டுவந்து தூவச் சொன்னார். அது பறந்து வந்து சிஸ்டரின் கஞ்சியில் விழுந்தது. தப்பு யோசனையிலா? சேச்சே!

"முடி கம்மியா போட்டுட்டீங்க சிஸ்டர்."

கடைசியில் தொழில் ரகசியத்தை எடுத்தார். "கன்னுக்கு ஒரு பச்சைத்தோல் துண்டு கட்டுங்க. செத்த மாட்டு வாசனைக்கு எந்த மானும் கிட்ட வராது. கேரண்டி!"

"நாத்தம் ஜாஸ்தியா இருக்குமே சார்?"

"அந்த நாத்தம்தான் வேலியே!"

கட்டினார்கள். மறுநாள் ஆறு மான் வந்த இடத்தில் பதினாறு வந்தன. பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்புத் தேய்ப்பார்கள் என்பது டேனரிக்காரர் எல்லோருக்கும் தெரியும், மானுக்கு உப்பென்றால் உயிர் என்பது அடிவாரத்தில் எல்லோருக்கும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் ஆபேல் சாருக்கு நேரமில்லை. தோலை நக்கி முடித்துவிட்டு, தொட்டுக்கொள்ளக் கொழுந்தையும் தின்றுவிட்டுப் போயின. பதினொரு கன்று போயிற்று.

சிஸ்டர் அரிவாளை எடுத்தார். வேலிக்காத்தான் முள்ளை வெட்டிவந்து, மிச்சமிருந்த இருபத்தொன்பது கன்றையும் சுற்றி ஆளுயரத்துக்கு அடைத்துவிட்டார். ஒரே மாதத்தில் அத்தனையும் தளிர்த்தன.

ஆபேல் சார் வந்து பார்த்தார். முகத்தில் கொஞ்சமாவது கூச்சம்?

"கொஞ்சம் டைம் எடுக்கும்னு சொன்னேன்ல? தோலு இப்பதான் வேலை செய்யுது!"

சிஸ்டர் சிரித்தார். "அங்கியே நில்லுங்க சார். முள்ளு மானுக்கு மட்டும் போடல."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: அந்த அம்மாள் அழுத இடத்தைப் படித்தபோது, "வேப்பெண்ணெய் தெளித்திருக்கலாமே" என்று உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா? தோன்றியிருந்தால், கணியம்பாடிப் பக்கம் போகும்போது கால்சட்டை ஜாக்கிரதை.