வெண்ணெய் இல்லாத பிரான்ஸ்

வெளிநாடு ஒன்றில் நாலைந்து வருடம் இருந்துவிட்டு வந்தவன், அந்த நாட்டைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. எவ்வளவுக்குத் தெரியாதோ அவ்வளவுக்குச் சத்தமாகச் சொல்லுவான். நானும் அந்த ரகம்தான்.

லண்டனுக்கு வருவதற்கு முதல் பிரான்சில் லீல் என்ற நகரத்தில் இருந்தேன். அங்கே எனக்கு உத்தியோகம், ஒரு ஹோட்டலின் நிலக்கீழ்ச் சமையலறையில் கோப்பை கழுவுவது. காலையில் கீழே இறங்கினால் இருட்டிய பிறகுதான் மேலே வருவேன். நகரத்தைக் கண்ணால் கண்டது குறைவு. என்னுடைய பிரெஞ்சு முழுவதும், தலைமைச் சமையல்காரன் என்மேல் போட்ட சத்தத்தில் கற்றுக்கொண்டது. சீக்கிரம், கெதியாய்! சூடு! தள்ளு! வெண்ணெய் எங்கே? இவற்றையெல்லாம் மெதுவாகவும் சொல்லலாம் என்பதே எனக்குத் தெரியாது.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில ஆண்டுகள் அவை. லண்டனில் மோர்டன் என்ற இடத்தில் அக்கா வீட்டில் இருந்துகொண்டு ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் செய்துகொண்டிருந்தேன். அக்கா எனக்குப் பக்கத்து ஊரான சட்டனில் ஒரு சம்பந்தம் பார்த்தா. பெண்ணின் பெயர் தர்சினி. சின்ன வயதிலேயே லண்டன் வந்தவள். படத்தைப் பார்த்த அன்றே நான் விழுந்துவிட்டேன். (அக்காவிடம் "பரவாயில்லை" என்றுதான் சொன்னேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா?)

"பெட்டை வீகனாம்," என்றா அக்கா.

"அதென்ன?"

"சைவம்தான்டா. கொஞ்சம் கடுஞ்சைவம்."

எங்களுக்குத் தெரியாத சைவமா! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சட்டனுக்குப் போனேன். தர்சினி பால் விடாத தேத்தண்ணீரோடு வந்து எனக்கு முன்னால் இருந்து, நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"இறைச்சி, மீன், முட்டை, பால், வெண்ணெய், நெய் ஒண்டும் தொடமாட்டன். தேன்கூட இல்லை. இதை விளையாட்டு எண்டு நினைக்கிற ஆளோட எனக்கு ஏலாது. முதல் வந்தவையும் அப்பிடித்தான் சிரிச்சவை, நான் வேண்டாம் எண்டுட்டன்."

"நான் சிரிக்கேல்லையே," என்றேன் அவசரமாக. அத்தோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. "பிரான்சிலை உங்களுக்கு ஏற்ற பேக்கரி தெருத்தெருவாய் இருக்கு. லீல் எனக்குத் தண்ணி பட்ட பாடு."

"சீரியஸா? பிரெஞ்ச் பேக்கரில, வெண்ணெய் இல்லாமல்?"

"ஓம், ஓம். எல்லாம் இருக்கு."

அவள் தேத்தண்ணீரை எனக்கு முன்னால் தள்ளி வைத்தாள். "அப்ப ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கோ. திரும்பி வந்து என்ர முடிவைச் சொல்லுறன்."

இப்படித்தான் ஒரு சனிக்கிழமை காலை, வாட்டர்லூ ஸ்டேஷனில் கடலுக்கு அடியால் போகிற ரயிலில் நாங்கள் மூன்று பேர் ஏறினோம். மூன்றாவது ஆள் தர்சினியின் அப்பா, நடராசா அங்கிள். அதிகம் கதைக்காத, சுத்த சைவமான மனிதர். நீரிழிவு உள்ளவர், ஊசி போடுகிறவர். மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு, வழி முழுக்க என்னைப் பார்த்தபடியே வந்தார். குடிவரவு அதிகாரிகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

லீலில் இறங்கி முதலாவது பேக்கரிக்குள் நுழைந்தோம். கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கு அடுக்காய்ப் பலகாரங்கள் மினுங்கின. மினுங்கியது எல்லாம் வெண்ணெய். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விற்பனைப் பெண்ணைக் கேட்டேன். அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "ஏய்! கேக்! வெண்ணெய் வேண்டாம்! கெதியாய்!"

கடை அடங்கிவிட்டது. வரிசையில் நின்ற ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். விற்பனைப் பெண் என்னவோ நீளமாகச் சொல்லி வாசலைக் காட்டினாள்.

"என்னவாம்?" என்றார் அங்கிள்.

"இண்டைக்கு முடிஞ்சுதாம்."

தர்சினி அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தபடியே வெளியே வந்தாள். அடுத்த கடையிலும் முடிந்துவிட்டதாம். அதற்கடுத்த கடையில், அந்தத் தெருவைத் திருத்துகிறார்களாம். (பொய்யும் களைத்துப்போகும் என்பதை அன்றுதான் கண்டேன்.) வாஃபிள் கடை, சாக்லேட் கடை, பாலாடைக்கட்டி நாறும் சந்தை என்று நகரம் முழுக்க மாடும் கோழியும்தான் ஆட்சி செய்தன. நடுவில் அக்கா வேறு தொலைபேசியில்.

"சாப்பிட்டவையோ?"

"இந்தா, சாப்பிடப் போறம்."

"கவனமடா! அதுகள் பசியோட வந்தா, சம்பந்தம் சரி வராது."

கடைசியில் ஒரு ரெஸ்டோரண்டில் இருத்தினேன். "இறைச்சி இல்லை! முட்டை இல்லை! பால் இல்லை!" என்று பரிசாரகனிடம் மூன்று முறை கத்தினேன். அவன் தலையாட்டினான். சாலட் என்றான். எனக்கு உயிர் திரும்பி வந்தது. அங்கிளும் சாப்பாடு வரப்போகிறது என்று கழிப்பறைப் பக்கம் போய் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்து கையைத் துடைத்தார்.

சாலட் வந்தது. இலைகளின்மேல், மல்லித்தழை தூவுவதுபோலப் பன்றி இறைச்சித் துண்டுகளைத் தூவியிருந்தார்கள். நான் பரிசாரகனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். அது இறைச்சி இல்லையாம், வாசத்துக்காம்! வேறு ஏதாவது கொண்டு வா என்றால், சமையலறை மூடியாயிற்று என்றான். பின்னேரம் அடுப்பை நிற்பாட்டுவார்கள் என்பது உலகத்தில் எவனுக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த நேரத்துக் கோப்பைகளைக் கழுவியவனே நான்தானே.

வெளியே வந்தோம். ஊசி போட்ட மனிதருக்குச் சாப்பாடு இல்லை. அங்கிள் நடையில் பின்தங்கினார். திரும்பிப் பார்த்தால் நெற்றியெல்லாம் வேர்வை, கை நடுங்குகிறது. துணிப்பையை மட்டும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

"அப்பாவுக்கு சுகர் இறங்குது!" என்று தர்சினி கத்தினாள். "ஸ்வீட் ஏதும் இருக்கா? கெதியா!"

கெதியாய் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் இருந்த கோப்பை கழுவி விழித்துக்கொண்டான். மூலையில் இருந்த பேக்கரிக்குள் பாய்ந்து, சமையல்காரனின் முழுக்குரலில் கத்தினேன்: "சீனி! தண்ணீர்! கதிரை! கெதியாய், கெதியாய்!" வாழ்க்கையில் முதல் தடவையாக என் பிரெஞ்சு சரியான இடத்தில் போய் விழுந்தது. கடைக்காரப் பெண்மணி ஒரு கையில் சீனிக்கட்டியும் மறுகையில் கதிரையுமாக ஓடி வந்தா. நான் அங்கிளைத் தாங்கிக் கதிரையில் இருத்தி, சீனியைத் தண்ணீரில் கரைத்துப் பருக்கினேன். பாதித் தண்ணீர் அவர் சட்டையில் போயிற்று. கடவுளே, இந்த மனிதருக்கு ஒன்றும் ஆகக்கூடாது, சம்பந்தம் போனால் போகட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் முகத்தில் இரத்தம் திரும்பியது. சீனி மட்டும் போதாது, ஏதாவது சாப்பிட வேண்டும். பெண்மணி பின்னால் அடுக்கியிருந்த நீட்டு ரொட்டிகளைக் காட்டினா.

"வேண்டாம், வேண்டாம்," என்றேன்.

"ஏன் தம்பி வேண்டாம்?" என்றார் அங்கிள். "அது பாண்தானே?"

பாண் என்றால் எங்கள் ஊரில் பேக்கரி ரொட்டி. யாருமில்லாதவனும் சமைக்கப் பஞ்சிப்பட்டுச் சோம்பிக் கிடப்பவனும் தின்பது.

தர்சினி முன்னால் வந்தாள். பெண்மணியிடம் மெதுவாக, மரியாதையாக, அழகான பிரெஞ்சில் என்னவோ கேட்டாள். பதிலைக் கேட்டு, "மா, தண்ணி, உப்பு, ஈஸ்ட். வேறொண்டும் இல்லை. வீகன்," என்றாள்.

எனக்குக் காதடைத்தது. "உங்களுக்கு பிரெஞ்சு தெரியுமோ?"

"ஸ்கூல்ல படிச்சனான். காலமை முதல் கடையில அந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன சொன்னவள் எண்டும் தெரியும்."

பூமி பிளக்கவில்லை. அதற்கு மேல் ஒளிக்க ஒன்றும் இல்லை. "நான் இஞ்சை கோப்பைதான் கழுவினனான்," என்றேன். "அஞ்சு வருஷமும் இந்தப் பாணைத் திண்டுதான் சீவிச்சனான். காலமையிலயிருந்து ஒவ்வொரு கடையிலும் இது கண்ணுக்கு முன்னாலதான் இருந்தது. பொம்பிளை வீட்டுக்காரருக்குப் பாண் குடுக்கிறதோ எண்டு வெக்கமாய் இருந்தது." சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அழுதேன் என்பதைப் பிறகு பலமுறை மறுத்திருக்கிறேன்.

அங்கிள் துணிப்பையை மெல்லத் திறந்து ஒரு போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். தேங்காயும் மிளகாயும் சேர்த்துச் சிவக்கச் சிவக்க இடித்த சம்பல்.

"மனுசி தந்துவிட்டவ," என்றார். "மாப்பிள்ளை பிரெஞ்சுச் சாப்பாடு வாங்கித் தாறன் எண்டவர், நான் சம்பல் போத்தலை எடுத்தா உங்களுக்கு மரியாதைக் குறைவெல்லோ? அதுதான் ஒளிச்சு வைச்சனான்."

"அப்பா!" என்றாள் தர்சினி. "நீங்களுமா?" அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சூடான பாணைப் பிய்த்துச் சம்பலைத் தொட்டு, அந்தக் கடையிலேயே மூன்று பேரும் வெட்கமில்லாமல் சாப்பிட்டோம். கடைக்காரப் பெண்மணியும் ஒரு துண்டு கேட்டு வாங்கி, கண்ணால் தண்ணீர் ஓட ஓடத் தின்றா.

திரும்பி வந்து வாட்டர்லூவில் இறங்கியதும் அங்கிள் மனைவிக்குத் தொலைபேசி எடுத்தார். நான் பக்கத்தில் நிற்கிறேன் என்பதைப் பற்றிக் கவலையே படவில்லை.

"ஓம், வந்திட்டம். பெடியனோ? சுத்தப் பொய்யன். ஆனா சொல்லத் தெரியாத பொய்யன். மூஞ்சையில அப்பிடியே எழுதிக் கிடக்கு. பிள்ளைக்குப் பயமில்லை."

நான் தர்சினியைப் பார்த்தேன். அவள் கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, "எனக்கும் ஓம்தான்," என்றாள். "ஆனா என்னோட வரேக்க நீங்கள் பிரெஞ்சு கதைக்கக் கூடாது."

இன்றுவரை கதைத்ததில்லை. நடராசா அங்கிள் எனக்கு மாமாவாகி வருடங்கள் பல ஓடிவிட்டன. எங்கள் குடும்பத்தில் இப்போது யாருக்குச் சம்பந்தம் பேசினாலும் அவர் படிப்பைக் கேட்பதில்லை, உத்தியோகத்தைக் கேட்பதில்லை. சபை நடுவில் என்னைக் கையால் காட்டி, "பெடியனுக்கு இவரை மாதிரித்தானோ, இல்லை ஒழுங்காய்ப் பொய் சொல்ல வருமோ?" என்று கேட்பார். ஒழுங்காய் வரும் என்றால், அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றுவிடுவார்.